வைத்துவிட்டுப் போனது

“ஜியோல கேஷ் குடுக்கானாண்ணே? எம்புட்டு?”

சாத்தூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் வைத்து என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி. என் அக்கா மகன் சிங்கப்பூரில் ஞாயிறு தவறாமல் ஜியோகேஷிங் போகிறான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவைத்தேன். அவர் காதில் விழுந்தது செல்போன் கம்பெனியும் ரொக்கமும். ரீசார்ஜ் செய்தால் பணம் திரும்பி வரும் ஏதோ திட்டம் என்று நினைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல இடமில்லை. தமிழில் எழுதினாலும் சரி, வாயால் சொன்னாலும் சரி, இரண்டுக்கும் ஒரே உருவம்தான்.

டீ ஆறும்வரை அந்தக் கேள்வியையே உருட்டிக்கொண்டிருந்தேன். விளையாட்டின் பெயரில் உள்ள ஜியோ கிரேக்கச் சொல். நிலம் என்று பொருள். செல்போன் ஜியோவை இந்தியில் கேட்டால் ‘வாழு’ என்று வரும். கேஷ் விஷயத்தில் சிக்கல் இன்னும் பெரிது. ஒளித்து வைக்கும் இடம் ஒரு கேஷ், கல்லாவில் இருப்பது இன்னொரு கேஷ். மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அது நம் ஊர்ச் சரக்கு, பின்னால் வருகிறேன்.

முதலில் விளையாட்டு. ஒருவர் ஒரு டப்பாவைக் கண்ணில் சட்டென்று படாத இடத்தில் வைக்கிறார். மரப்பொந்து, பாறை இடுக்கு, பாலத்துக் கைப்பிடியின் அடிப்பக்கம் என்று எங்கேயும் இருக்கலாம். உள்ளே சின்னதாக ஒரு நோட்டு. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஊர் அறியச் சொல்லிவிடுகிறார். முன்பின் தெரியாத யாரோ செல்போனில் அந்த எண்ணைப் பிடித்து வந்து, தேடி எடுத்து, நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே டப்பாவை வைத்துவிட்டுப் போகிறார். பரிசு கிடையாது. உள்ளே பொம்மையோ நாணயமோ கிடந்தால் எடுத்துக்கொள்ளலாம்; எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்காக வெயிலில் ஆறு கிலோமீட்டர் நடக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

சொல்லின் பூர்வீகம் தேடுகிறவனுக்குப் பிறந்த தேதி கையில் கிடைப்பது அபூர்வம். இந்தச் சொல்லுக்குக் கிடைக்கிறது. ஜி.பி.எஸ். கருவி பொதுமக்களுக்குக் காட்டும் இடத்தில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கொஞ்சம் பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே 2 அன்று அந்தப் பிழையை எடுத்துவிட்டார்கள். மறுநாளே, மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி மண்ணுக்குள் இறக்கி வைத்தார். உள்ளே புத்தகம், மென்பொருள், உண்டிவில், பீன்ஸ் அடைத்த தகர டப்பா ஒன்று. சில நாளிலேயே மைக் டீக் என்பவர் தேடிப் பிடித்தார்.

உல்மர் இதற்கு இட்ட பெயர் வேறு: ‘ஸ்டேஷ்’ வேட்டை. ஸ்டேஷ் என்பது திருட்டு உலகக் குழூஉக்குறியாக நடமாடிய சொல். இருபதாம் நூற்றாண்டில் போதைப்பொருளைப் பதுக்கும் இடத்துக்கு அது நன்றாக ஒட்டிக்கொண்டது. குடும்பத்தோடு போகிற விளையாட்டுக்கு இந்த நாற்றம் வேண்டாம் என்று மே 30 அன்று மேட் ஸ்டம் என்பவர் ‘ஜியோகேஷிங்’ என்ற பெயரைச் சொன்னார். செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் அந்தப் பெயரிலேயே இணையதளம் தொடங்கினார், பெயர் நிலைத்தது. நாலு மாதத்துக்குள் ஒரு சொல் பிறந்து, பழைய சொல்லைத் தள்ளிவிட்டுப் பட்டா வாங்கிவிட்டது. ஆனாலும் முதல் வாளி இருந்த இடத்தில் பிற்பாடு பதித்த பலகையில் பழைய ‘ஸ்டேஷ்’ தான் இருக்கிறது. வழக்கொழிந்த சொற்கள் கடைசியில் கல்லில்தான் குடியேறும்; நம் கோயில் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இந்த விளையாட்டில் உள்ள கேஷ் பிரெஞ்சுச் சொல். வட அமெரிக்கக் காடுகளில் மிருகத் தோலுக்காக அலைந்த வேட்டைக்காரர்கள் பாரம் குறைப்பதற்காகத் தோலையும் தீனியையும் வழியில் குழி வெட்டி மறைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குழிக்குப் பெயர் கேஷ். 1960களின் இறுதியில் கணினிக்காரர்கள், அடிக்கடி வேண்டியதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் நினைவகத்துக்கு அதே பெயரை வைத்தார்கள். இன்று செல்போன் ரிப்பேர் கடையில் “கேஷ் கிளியர் பண்ணிட்டேன் சார், ஸ்பீடா ஓடும்” என்கிற பையனின் வாயில் கனடாவின் குழி ஒன்று இருக்கிறது. அதற்கும் பின்னால் போனால் லத்தீனில் ‘நெருக்கு, அழுத்து’ என்கிற வினை. அழுத்துவது எப்படி ஒளிப்பதானது என்று நாம் வியக்க வேண்டியதில்லை. “காசை அமுக்கிட்டான்” என்று தினம் சொல்கிறோம்.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷுக்கு மூலம் லத்தீன் ‘காப்சா’, அதாவது பெட்டி. பணத்தை வைத்த பெட்டியின் பெயர் பணத்துக்கே ஆகிவந்தது. மூன்றாவது கேஷ்தான் நம்முடையது: காசு. போர்த்துகீசியர் தமிழ்க் காசைத் தங்கள் வாய்க்கு ஏற்ப வளைக்க, ஆங்கிலேயர் அதை கேஷ் ஆக்கினார்கள். மதராஸில் கும்பினியார் கணக்கு 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று ஓடியது. அந்தக் காசை அவர்கள் எழுதியது கேஷ் என்றுதான். சீனத்து ஓட்டைக்காசுக்கும் ஐரோப்பியர் வைத்த பெயர் இதே. ஆக, ஜியோவில் கேஷ் இருக்கிறதா என்று கேட்டவர் அறியாமல் ஒரு நல்ல கேள்வியைக் கேட்டுவிட்டார். நிலத்தில் காசு இருக்கிறதா?

இருந்தது. எங்கள் வீட்டில் உளுந்து டப்பாவில் இருந்தது.

அம்மா தீப்பெட்டி ஒட்டியவள். வீட்டுத் திண்ணையில் பசைக் கிண்ணமும் பெட்டிக் கட்டுமாகத்தான் எனக்கு அவளை ஞாபகம். கூலி குரோஸ் கணக்கு; ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவள், ஆனால் 144இன் வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும். சனிக்கிழமை வரும் கூலியில் ஒரு விள்ளலைக் கண்ணில் காட்டாமல் ஒதுக்குவாள். அதற்குப் பெயர் சிறுவாடு.

சிறுவாடு என்ற சொல்லை யாராவது ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சொல்லட்டும், நான் டீ வாங்கித் தருகிறேன். அகராதியில் ‘சிறுபாடு’ என்று இருக்கும். கோபம் கோவமானதுபோல ப இளகி வ ஆகியிருக்கிறது. பாடு என்றால் உழைப்பு, பாடு என்றால் துன்பம், பாடு என்றால் அந்த உழைப்பில் கிடைத்தது; கடற்கரையில் வலையில் அகப்பட்டதை இன்றும் மீன்பாடு என்கிறார்கள். மூன்று பொருளும் இந்தச் சிறுபாட்டில் உண்டு. புருசனுக்குத் தெரியாமல், மாமியாருக்குத் தெரியாமல், பிள்ளைகளுக்காகச் சேர்ப்பது. திருட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் அது இருப்பது தெரியும், எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. அம்மா இல்லாத நேரத்தில் அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை.

2019இல் அம்மா போனாள். இரவு ஒன்பது மணிக்குப் பேசினாள், காலையில் எழுந்திருக்கவில்லை. பதினாறு கழிந்து அக்காவும் நானும் சமையலறையை ஒதுக்கும்போது உளுந்துக்குள் ஒரு சுருள் அகப்பட்டது. தீப்பெட்டி லேபிள் தாளில் இறுக்கிச் சுற்றி, பசை தொட்டு ஒட்டியிருந்தாள். தொழில் தெரிந்தவளின் ஒட்டு, நகத்தால் பிரிக்க முடியவில்லை, கத்தி வைக்க வேண்டியதாயிற்று. உள்ளே 500 ரூபாய்த் தாள் இரண்டு. பழைய தாள். 2016 நவம்பர் 8 நள்ளிரவோடு செல்லாமல் போனவை.

அந்த நவம்பரில் நான் ஊருக்கு வந்து, “ஏம்மா, எங்கயாவது வச்சிருந்தா குடு, பேங்க்ல மாத்திட்டு வந்துர்றேன்” என்று கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. “எங்கிட்ட ஏதுய்யா” என்றாள். சொல்லிவிட்டால் அது சிறுவாடு இல்லையே. ஆயிரம் ரூபாய் கெட்டாலும் பரவாயில்லை, இடம் தெரியக் கூடாது.

அடுத்த ஒரு வருசத்தில் அலமாரித் தாளுக்கு அடியில், மாரியம்மன் படத்துக்குப் பின்னால், கட்டாத பட்டுச்சேலையின் மடிப்பில், தலையணைப் பஞ்சுக்குள் என்று ஒவ்வொன்றாகக் கிடைத்தது. சில செல்லும் தாள், சில செல்லாதது. ஓரிடத்தில் அக்காவின் பால்பல். சனி ஞாயிறு ஆனால் ஊருக்குப் போய்த் தேடுவதே எனக்கு வேலையாகிவிட்டது. கிடைக்கிற நாளில் அம்மா பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி இருக்கும். அக்காதான் ஒரு நாள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “போதும் தம்பி. தேடித் தீத்துட்டேன்னா அப்புறம் ஒண்ணும் இருக்காது.”

இதைக் கேட்டுவிட்டுத்தான் அக்கா மகன், அம்மாச்சி சாவுக்கு விமானம் கிடைக்காமல் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தவன், எனக்கு இந்த விளையாட்டைச் சொன்னான். “மாமா, தீராம தேடுறதுக்கு ஒண்ணு இருக்கு.”

இனி இதைத் தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைக்காரக் கைக்கு முதலில் வருவது ‘புதையல் வேட்டை’. எனக்கு இது பிடிக்கவில்லை, காரணம் சொல்கிறேன். புதையலுக்கு வேர் புதை. பிணத்தையும் புதைக்கிறோம், பொன்னையும் புதைக்கிறோம். இரண்டிலும் மண் மூடுகிறது, உடையவன் இல்லை. புதையல் என்றாலே போட்டவன் செத்துப்போயிருக்க வேண்டும், அல்லது யாரென்று தெரியாமல் இருக்க வேண்டும். சட்டமும் அப்படியே பார்க்கிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேலே போனால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஜியோகேஷிங்கில் நடப்பது இதற்கு நேர்மாறு. வைத்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். எடுத்ததைத் திரும்ப வைக்க வேண்டும். உல்மர் வாளியைப் பாதி புதைத்தாரே தவிர, பிற்பாடு வந்த விதிகளில் நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் குழி தோண்டக் கூடாது. மண்ணே தேவைப்படாத விளையாட்டுக்குப் புதையல் என்று பெயர் வைப்பது நியாயமில்லை.

விதிகளைப் படித்தபோது, பட்டாசு ஆலைகள் உள்ள எங்கள் பக்கத்து ஆளாக எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. டப்பாவுக்குள் வைக்கக் கூடாத பொருள்களில் வெடிபொருளும் பட்டாசும் இருக்கின்றன. ஆனால் டப்பாவாக அமெரிக்கர்கள் மிகவும் விரும்புவது ராணுவம் கழித்துப்போட்ட துப்பாக்கிக் குண்டுப் பெட்டியை, தண்ணீர் புகாது. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் தெருவோரத்தில் ஒருவர் குனிந்து டப்பா ஒன்றை வைப்பதைப் பார்த்தவர்கள் போலீசுக்குச் சொல்ல, ராணுவத்தின் வெடிகுண்டுப் பிரிவு வந்து அந்த டப்பாவை வெடித்து அழித்தது. சாத்தூர் வட்டாரத்தில் யாராவது வேலிக்கருவைக்குள் டப்பா வைத்துவிட்டு நடந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கப்போவதில்லை.

ஒளி, மறை, கரவு என்றெல்லாம் பார்த்தேன். பிரெஞ்சு மூலத்துக்கு நேரான சொற்கள்தான். ஆனால் எல்லாம் ஒருவனிடமிருந்து ஒன்றைத் தள்ளி வைக்கும் சொற்கள். எனக்கு வேண்டியது ஒருவனுக்காக ஒன்றை விட்டுவைக்கும் சொல். அது தமிழில் மிகச் சாதாரணமாக, அஞ்சறைப்பெட்டியில் கடுகு மாதிரி, கண்ணெதிரே கிடந்தது. வை.

வை என்பது தனி வினையாக இருக்கும்போது வெறும் ‘கீழே இடு’ தான். துணைவினையாகிவிட்டால் அதன் குணமே வேறு. சொல்லி வை, பார்த்து வை, ஆக்கி வை, எடுத்து வை. இப்போது செய், பலன் பிறகு, அநேகமாக வேறொருவருக்கு. பின்னால் வரும் ஆளையும் நேரத்தையும் வினைக்குள்ளேயே மடித்துக்கொண்ட சொல் இது. அதற்கு எதிர்ப்பக்கம் நிற்பது ‘விடு’. முடித்துவிடும் வினை. போய்விட்டாள், இறந்துவிட்டாள். சாவு வீட்டில் இரண்டும் சேர்ந்து கேட்கும். “புள்ளைகளுக்கு ஒண்ணும் வச்சுட்டுப் போகலையே” என்று ஒப்பாரியிலும், “வச்சுட்டுத்தான் போயிருக்கா” என்று பிறகு அடுப்படியிலும். வைத்து, விட்டு, போனாள். மூன்று வினையும் ஒரே மூச்சில்.

போனைக் கூடத் தமிழன் வைக்கத்தான் செய்கிறான். ஒயர் போனில் ரிசீவரை வைத்த காலம் போய் இருபது வருசமாகிறது; கையில் பிடித்திருப்பதை எங்கும் வைப்பதில்லை; ஆனாலும் “சரி, வச்சிரட்டா?” என்று கேட்காமல் ஒரு தாயும் பேச்சை முடிப்பதில்லை. அந்த இரவு ஒன்பது மணிக்கு அம்மா கடைசியாகச் சொன்னதும் அதுதான். அது கடைசி என்பதால் நான் அதற்கு ஒரு பொருள் ஏற்றுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். ஏற்றத்தான் செய்கிறேன்.

பெயர்ச்சொல்லாக வைப்பு பழைய ஆள். சேமித்து வைத்த பொருளுக்கும் அது பெயர், ஊருக்கும் நிலத்துக்கும் பெயர். குறளில் ‘வைப்புழி’ என்ற சொல் வருகிறது. பொருளை வைக்கும் இடம். கேஷ் என்ற பிரெஞ்சுச் சொல்லை மொழிபெயர்க்கச் சொல்லி வள்ளுவரிடம் கொடுத்திருந்தால் இதைத்தான் தந்திருப்பார். சைவர்களிடம் ‘வைப்புத்தலம்’ என்று ஒரு சொல் உண்டு. தனக்கென்று தேவாரப் பதிகம் இல்லாத ஊர், வேறோர் ஊரின் பதிகத்துக்கு நடுவில் பெயர் மட்டும் வந்து போயிருந்தால் அது வைப்புத்தலம். ஒரு ஊரின் பெயரை இன்னொரு ஊரின் பாட்டுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் தேடி எடுத்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். இதைவிட நல்ல ஜியோகேஷிங் எங்கே இருக்கிறது? பேங்க்காரர்களிடம் இருப்பது வைப்புத்தொகை. எங்கள் ஊர் வழியாக ஓடுவது, ஓடுகிற நாளில், வைப்பாறு. மேற்கு மலையில் பிறந்து சாத்தூரைத் தொட்டு, வைப்பாறு என்றே பெயர் கொண்ட கிராமத்தின் பக்கம் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. அதன் வடகரையில் வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் 2022இல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. சங்கு வளையல் துண்டும் மணிகளும் பிள்ளைகள் ஆடிய சுடுமண் வட்டச் சில்லும் கிடைத்தன. அவற்றை நான் வைப்பு என்று சொல்ல மாட்டேன். சில்லு ஆடிய பிள்ளை யாருக்காகவும் அதை வைக்கவில்லை. விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கும்.

வைப்புக்குக் கெட்ட பெயரும் இருக்கிறது என்று ஒரு தமிழாசிரிய நண்பர் எச்சரித்தார். வைப்பாட்டி, செய்வினை வைத்தல், சோற்றில் மருந்து வைத்தல், வெடி வைத்தல். உண்மைதான். மருந்து என்ற சொல்லே எங்கள் பக்கம் இரட்டை வேடம். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து, பட்டாசுக் குழாயில் அடைப்பதும் மருந்து. “மருந்து ரூமுக்குப் போனான்” என்றால் வெளியூர்க்காரர் காய்ச்சலா என்று கேட்பார். உள்ளூர்க்காரர் அப்படிக் கேட்க மாட்டார்.

மருந்து ரூம் என்று சொன்ன பிறகு அச்சங்குளத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அம்மா பிறந்த ஊர் அதற்குப் பக்கம். ஏழாயிரம்பண்ணை வட்டாரம், வடக்கே 9 பாகை சொச்சம், கிழக்கே 77 பாகை சொச்சம் என்று வரைபடம் சொல்லும். 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, மத்தியானம் அங்கே ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. ஃபேன்சி ரகத்துக்கு மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வு என்றார்கள். அறை அறையாகப் போயிற்று. குறைந்தது 19 பேர். ஆலையின் உரிமத்தில் இருந்தது ஒரு பெயர், அறைகளை நடத்தியவர்கள் வேறு பலர். இதற்கும் எங்கள் மாவட்டத்தில் ஒரு சொல் இருக்கிறது, உள்குத்தகை. பேரகராதியில் இருக்கலாம் இல்லாமலும் போகலாம், முதல் தகவல் அறிக்கைகளில் நிச்சயம் இருக்கும். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கெடுத்தது.

அன்றிலிருந்து அச்சங்குளம் என்றால் ஊர் இல்லை, ஆலை வெடித்த தேதி. முதலிப்பட்டி என்றால் 2012. ரெங்கபாளையம் என்றால் 2023. ராமுதேவன்பட்டி, செங்கமலப்பட்டி இரண்டும் 2024. சின்னக்காமன்பட்டி 2025. மற்ற மாவட்டத்தில் ஊர்ப்பெயரைச் சொன்னால் அல்வா, மல்லிகை, பூட்டு என்று எதுவோ நினைவுக்கு வரும்.

அச்சங்குளம் என்ற பெயரைக் கேட்கும் வெளியூர்க்காரர்கள் “அச்சம் நிறைந்த குளமா?” என்று கேட்டுவிட்டுச் சங்கடமாக நிறுத்திக்கொள்கிறார்கள். இலக்கணம் இதற்கு இடம் கொடுக்கிறது. அச்சம் + குளம் என்று பிரித்தால் மகரம் ககரத்துக்கு முன்னால் ஙகரமாகும். ஆனால் இன்னொரு வழியும் அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. அச்சன் + குளம். பேச்சில் ன் அப்படியே ங் ஆகிவிடும். கண்ணன் குடி கண்ணங்குடி ஆகவில்லையா? எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. கரிசல் காட்டு ஊர்கள் ஆளின் பெயரில், சாமியின் பெயரில், மரத்தின் பெயரில், மண்ணின் பெயரில் நிற்கின்றன. மனசில் தோன்றும் உணர்ச்சியின் பெயரில் ஊர் கட்டுவது நம் வழக்கமில்லை. தண்ணீர் வெட்டியவன் பெயர் தண்ணீருக்கு நிற்கும். அச்சன் என்றால் அப்பன்; மலையாளத்தில் இன்றும் அதுதான், தமிழ் அகராதியிலும் உண்டு. ஏதோ ஒரு அப்பன் பின்னால் வருகிறவர்களுக்காக வெட்டி வைத்த குளம் என்று நான் படித்துக்கொள்கிறேன். 2021க்குப் பிறகு இதை எடுத்துச் சொன்னால் கேட்க ஆளில்லை. விபத்து ஒரு பெயரின் சந்தியையும் மாற்றிப் பிரித்துவிடுகிறது.

அம்மாவின் உளுந்து டப்பாவை நினைக்கும்போது அந்த வெள்ளிக்கிழமையும் கூடவே வரும். மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள். காலையில் தூக்குவாளியோடு போன பெண்கள் ஒவ்வொருத்தியும் வீட்டில் எங்கேயாவது எதையாவது வைத்திருப்பாள். நோயில் படுத்தவளாவது கடைசியில் மகளைக் கூப்பிட்டுச் சாவி இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவாள். மருந்து ரூமுக்குப் போனவளுக்கு அதற்கு நேரம் கிடையாது. அரசு நிவாரணத்துக்கு விண்ணப்பம் உண்டு, படிவம் உண்டு. அரிசிப் பானைக்கு ஒன்றும் கிடையாது. பிள்ளைகளாகத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

வெளிநாடுகளில் இறந்தவர் நினைவாக வைக்கும் டப்பாக்கள் நிறைய. அப்பா தூண்டில் போட்ட கரை, மகள் சைக்கிள் பழகிய பாதை என்று இடம் பார்த்து வைக்கிறார்கள். நோட்டில் எழுத வருகிறவர் அந்த மனுசரைப் பார்த்ததே கிடையாது. ஆனாலும் அவருக்காக ஒரு கிலோமீட்டர் நடந்திருக்கிறார். வைத்தவர் பார்த்துக்கொள்ள முடியாமல் போனால் வேறொருவர் கைக்கு டப்பாவை மாற்றிக் கொடுக்கலாம். அதற்கு அவர்கள் வழங்கும் சொல் ‘தத்து’. டப்பாவிலிருந்து டப்பாவுக்குப் பயணம் போகும் பொருளும் உண்டு. நம்பர் அடித்த ஒரு தகட்டைக் கோத்து விட்டால், எடுக்கிறவர்கள் அடுத்த டப்பாவுக்குக் கொண்டுபோவார்கள். அது எங்கே போனது, யார் எடுத்தார் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அக்கா மகன் அந்தத் தகட்டில் அம்மாச்சியின் டிரங்குப் பெட்டிச் சாவியைக் கோத்தான். பெட்டி துருவேறி எடைக்குப் போய்விட்டது. சாவிக்குத் திறக்க ஒன்றும் இல்லை. சிங்கப்பூர் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக் காட்டுப் பாதையில் ஒரு டப்பாவில் அதை வைத்தான். “தண்ணீர் பக்கமாகக் கொண்டுபோகவும்” என்று மட்டும் குறிப்பு. நானும் முதலில் இது என்ன பிள்ளை விளையாட்டு என்றுதான் நினைத்தேன். இப்போது அவன் மறந்தாலும் நான் மறப்பதில்லை, மாதம் ஒருமுறை, “சாவி எங்கப்பா இருக்கு?” என்று கேட்டுவிடுகிறேன். இந்தக் கேள்வியை வீட்டில் அம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய் இது.

அடுத்த லீவில் வைப்பாற்றங்கரையில் அவனே ஒரு டப்பா வைக்கப்போகிறானாம். மூன்று விஷயம் சொன்னேன். குண்டுப் பெட்டி வேண்டாம், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பாவாக இருக்கட்டும். ஆலை, குடோன், அவற்றுக்குப் போகிற மண் ரோடு எதன் பக்கமும் வேண்டாம். டீக்கடையில் சொல்லிவிட்டு வை. நாலாவதாக, மேலே என்ன எழுதுவது என்று அவனே கேட்டான். ‘வைப்பு’ என்று எழுதச் சொன்னேன். இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களிடமும் என் வேண்டுகோள் அதுதான். புதையலைக் கலெக்டரிடம் விட்டுவிடுங்கள்.

அக்கா அந்தச் செல்லாத தாள்களை லேபிளோடு சுருட்டி மறுபடி உளுந்து டப்பாவிலேயே போட்டிருக்கிறாள். செல்லாத நோட்டு ஒருவர் பத்து வரை வைத்திருக்கலாம் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்களிடம் இதுவரை நாலு இருக்கிறது.